ஷெக்கிள் போல்ட் கழண்டு வருதில்ல, என்ன செய்யலாம்?

கேள்வி: ஐயா, அப்பா ஹட்டன் பக்கம் தோட்டத்தில வேலை செய்யேக்க வாங்கின லாண்ட் ரோவர் சீரிஸ் 3 இப்ப என்னட்ட இருக்கு, நாலு வருஷமா கடற்கரைப் பக்கம்தான் நிக்குது. பின் ஸ்பிறிங் மாத்துவம் எண்டு பார்த்தா, ஸ்பிறிங் நுனியை ஷசியோட (வண்டியின்ர அடிச்சட்டம்) கோக்கிற ஷெக்கிள் தட்டுகளின்ர போல்ட் அசையுதில்ல. பெரிய பைப் போட்டு இழுத்தா கொஞ்சம் திரும்புது, விட்டவுடன பழையபடி வந்து நிக்குது. கராஜ் பாஸ் காஸ் நெருப்பால சூடாக்கி அடிச்சு எடுப்பம் எண்டுறார். விடலாமா? (தெஹிவளை வாசகர்)

பதில்: தம்பி, விட்டவுடன திரும்பி வருது எண்டு எழுதினீங்களே, விஷயம் அதிலதான் கிடக்கு. போல்ட் நுழையிற புஷ்ஷில வெளியில ஒரு இரும்புக் குழாய், உள்ளுக்க ஒரு இரும்புக் குழாய், நடுவில ரப்பர். போல்ட் கறள் பிடிச்சு உள் குழாயோட ஒட்டிப்போச்சு, நீங்க திருப்பிறது போல்ட்டை இல்ல, ரப்பரைத்தான் முறுக்கிறீங்க. நாள் முழுக்க இழுத்தாலும் அது திரும்பித் திரும்பி வரும். கடல் காத்து உப்பு வேற.

அடிக்க விடாதீங்கோ. இன்னொண்டு, லாண்ட் ரோவர் ஷெக்கிள்ல ரெண்டு தட்டுல ஒண்டுக்குப் புரி போட்டிருக்கும், நட்டைக் கழட்டின பிறகும் போல்ட் அந்தத் தட்டுல புரியோடதான் நிக்கும், அது தெரியாம சுத்தியலால அடிச்சா அடி முழுக்க ஷசியில இருக்கிற புஷ் குழாய்க்குத்தான் போகும். ஒரு கராஜில அப்பிடி அடிச்சு அந்தக் குழாய் கிழிஞ்சு, ஷசியை வெட்டி ஒட்டினதை நான் கண்ணால பார்த்தனான், பார்க்கவே வயிறு எரிஞ்சுது.

முதல்ல அசிற்றோனும் ஓட்டோ கியர் ஒயிலும் (ஏ.டி.எஃப்) சரிபாதி கலந்து ரெண்டு மூண்டு நாள் காலையும் பின்னேரமும் விட்டுப் பாருங்கோ. அதுக்கும் வராட்டி போல்ட்டை மறந்திடுங்கோ, வெட்டுங்கோ. ஷசியை ஸ்டாண்ட்ல நிப்பாட்டி, அக்சிலை வேறயா ஒரு ஜக்கில தாங்கி, ஸ்பிறிங்ல பாரம் இல்லாமப் பண்ணிட்டு, தட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில இருக்கிற சின்ன இடைவெளியில 1 மில்லிமீற்றர் டிஸ்க் போட்ட நாலரை இஞ்சி கிறைண்டரால ரெண்டு பக்கமும் வெட்டினா ஸ்பிறிங் கீழ இறங்கிடும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். வெறும் ஜக்கை நம்பி கீழ படுக்கவே கூடாது.

மிச்சம் புஷ். ரப்பரைச் சுத்தி டிறில்லால ஓட்டை போட்டா உள் குழாய் வெளிய வரும். நெருப்பு வச்சா கெதியா முடியும்தான், ஆனா புகை கெட்டது, டேங்க்கும் பிரேக் பைப்பும் கிட்ட இருந்தா நெருப்பே வேண்டாம். பிறகு ஹக்சோ பிளேட்டை உள்ளுக்க விட்டு வெளிக் குழாயை நீளப்பாட்டுக்கு அறுங்கோ, ஷசி குழாயில படாமப் பொறுமையா, கிட்டத்தட்ட அறுந்ததும் உளியால உள்பக்கம் மடிச்சா இறுக்கம் விட்டு வந்திடும். இந்த இடத்திலதான் நேரம் போகும், போகட்டும்.

உதிரிப்பாகம் எடுக்க கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போகேக்க வெட்டின துண்டுகளையும் கொண்டு போங்கோ. பழைய லாண்ட் ரோவர்ல பி.எஸ்.எஃப், யு.என்.எஃப் எண்டு ரெண்டு வகைப் புரியும் வரும், ஒண்டுக்கு மற்றது பொருந்தாது, கண் மட்டத்துக்கு ஒண்டு போலத்தான் தெரியும். ஸ்பிறிங்கை அக்சிலோட இறுக்கிப் பிடிக்கிற யு-போல்ட்டும் புதுசா எடுங்கோ, பழசைத் திரும்பப் போடாதீங்கோ.

பூட்டேக்க போல்ட் உடம்பு முழுக்க கொப்பர் கிறீஸ் பூசுங்கோ, அடுத்த தரம் இந்தப் பாடு வராது. கடைசி இறுக்கு மட்டும் வண்டியைச் சில்லில இறக்கி, முழுப் பாரமும் ஸ்பிறிங்ல நிக்கேக்கதான். தூக்கி வச்சபடி இறுக்கினா ரப்பர் எப்பவும் முறுக்கினபடி நிண்டு கொஞ்ச நாள்லயே கிழிஞ்சிடும்.

கேள்வி: ரப்பருக்குப் பதிலா பொலி புஷ் (பொலியூரித்தேன் புஷ்) போடலாமா? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: போடலாம், கையாலயே தள்ளிப் போடுற மாதிரி இருக்கும், பிறகு கழட்டவும் சுகம். ஆனா பழைய வெளிக் குழாயை எடுத்துத்தான் ஆகணும், அந்த வேலையில இருந்து தப்ப ஏலாது. ஓட்டம் கொஞ்சம் கடினமா இருக்கும். காலி வீதியில ஓடுற வண்டிக்கு நான் ரப்பர்தான் சொல்லுவன்.