சிங்கப்பூரில் தரைவீட்டு வாசலில் கார் நிறுத்த கான்கிரீட் போடணும். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா தேக்காவில், லீவில் வரும் வெளிநாட்டு ஊழியர்களில் ஆள் பிடித்து மலிவாக முடிக்கலாமா?

கூடாதுங்க. வேலை அனுமதியில் இருப்பவர் தன் முதலாளியைத் தவிர வேறு யாருக்கும் வேலை செய்யக்கூடாது. மீறிக் கூட்டிவந்தால் உங்களுக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் விழலாம். நீங்கள் எப்படியோ சமாளித்துவிடுவீர்கள். அந்தப் பையன் ஏஜெண்ட் கடனோடு ஊருக்குப் போகணும்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், நான் இதே தொழிலில் சூப்பர்வைசர். ஒரு தரைவீட்டில் இதே வேலைதான்: 20 சதுர மீட்டர், 10 சென்டிமீட்டர் கனம். அதாவது 2 கன மீட்டர், எடை 5 டன்னுக்குக் கொஞ்சம் கம்மி. கலவை கொட்டும்போது வீட்டுக்காரர் வந்து, "கெட்டியா இருக்கே தம்பி, தண்ணி ஊத்துங்க, சீக்கிரம் பரவும்" என்றார். பரவும்தான், ஆனால் பலம் போய்விடும். "முடியாதுங்க சார்" என்றேன். அவருக்கு மூஞ்சி சுண்டிவிட்டது.

சாயந்திரம் என்னிடம் வேலை செய்யும் பையன்கள் இரண்டு பேரைத் தனியாகக் கூப்பிட்டு, "பக்கத்து நடைபாதையை ஞாயித்துக்கிழமை வந்து போட்டுக் குடுங்க, கையில காசு" என்றிருக்கிறார். பையன்கள் நேராக என்னிடம் வந்து சொன்னார்கள். நான் அவரிடமே போய்க் கேட்டேன். உடனே முதலாளிக்குப் போன், "உங்க ஆளு திமிரா பேசுறான்" என்று. பேசினேன். நாளைக்கும் பேசுவேன்.

"கம்பெனிக்காரன் கம்பெனிக்குத்தான் பேசுவான்" என்று யாராவது எழுத வருவீர்கள். உங்கள் வாசலால் என் சம்பளம் ஒரு காசு ஏறாது.

கொட்டேஷனில் மொத்தத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். கனம், கம்பி வலை, அடிமண் கெட்டிப்பு, வாட்டம், எல்லாம் எழுத்தில் இருக்கணும். 10 சென்டிமீட்டர் கனத்துக்கு 2.5 முதல் 3 மீட்டருக்கு மேலே ஒரு வெட்டுக்கோடு, கனத்தில் கால்பங்கு ஆழத்துக்கு. கான்கிரீட் சுருங்கும், வெட்டு விட்டால் அங்கே விரியும், விடாவிட்டால் அதற்குப் பிடித்த இடத்தில் விரியும். மத்தியான மழை தெரிந்ததுதானே, காலையிலேயே போட்டு, மூடக் கித்தான் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 7 நாளாவது ஈரம் காயக்கூடாது. ஊர்ப் பழக்கத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தாதீர்கள், டெங்கிக் கொசுவுக்கு அது போதும். ஈரச் சாக்கு போட்டு நனையுங்கள்.

இதையெல்லாம் என்னிடம் வாட்ஸ்அப்பில் ஓசியாகக் கேட்கும் சொந்தக்காரர்கள், அக்கா மகள் கல்யாணப் பேச்சில் "மாமா சிங்கப்பூர்ல ஆபீஸ் வேலை" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். ஹெல்மெட் போட்ட என் போட்டோவைக் காட்டினால் சம்பந்தம் முறிந்துவிடுமாம்! சரி, அது வேறு கதை.

முழுப் பணத்தையும் முன்னாடியே கொடுக்காதீர்கள். இறுகினதும் நாலு வாளித் தண்ணீர் ஊற்றி, கால்வாய்ப் பக்கம் ஓடுகிறதா, வீட்டுப் பக்கம் வருகிறதா என்று பார்த்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள்.