கம்போடியாவுக்கு ஒரே ஒரு நாளா?

கேள்வி: நவம்பரில் மனைவியுடன் கம்போடியா போகிறேன். தமிழ் மன்னன் சூரியவர்மன் கட்டிய அங்கோர்வாட்டைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அதை ஒரே நாளில் முடித்துக்கொண்டு மீதி மூன்று நாட்களை வியட்நாமில் கழிக்கலாம் என்கிறார் பயண ஏற்பாட்டாளர். கம்போடியாவில் வேறு என்ன இருக்கிறது பார்க்க? (ஓய்வு பெற்ற ஆசிரியர், விருதுநகர்)

பதில்: அந்தத் ‘தமிழ் மன்னனை’ முதலில் இங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் புறப்படுங்கள், ஐயா. இரண்டாம் சூரியவர்மன் கம்போடியாவின் கெமர் இனத்து அரசன். 12-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் திருமாலுக்காக அவன் எழுப்பிய கோயில் அது. பெயர் ‘வர்மன்’ என்று முடிந்தால் பல்லவர் வாரிசு, பல்லவர் என்றால் தமிழர் என்று கைப்பேசியில் சுற்றும் கதையை, வகுப்பில் நின்று பாடம் சொன்ன நீங்கள் நம்பலாமா? கெமர் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்தது என்பது உண்மை. கம்போஜ மன்னன் நட்பு நாடி ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பினான் என்று கரந்தைச் செப்பேடு சொல்வதும் உண்மை. அதற்காகக் கோயிலுக்கே பட்டா கேட்க முடியாது.

நான் போயிருந்தபோது நம் ஊர்க்காரர் ஒருவர் மேற்கு வாசலில் நின்றுகொண்டு, “இது எங்கள் ராஜா கட்டியது” என்று வழிகாட்டியிடம் உரக்கச் சொன்னார். அந்த இளைஞர் மறுத்துப் பேசவில்லை. சட்டையில் குத்தியிருந்த சின்னக் கொடியை விரலால் ஒருமுறை தொட்டுக்கொண்டார். கம்போடியக் கொடியின் நடுவில் இருப்பது அதே கோபுரங்கள். 1975 முதல் 1979 வரை நாட்டைச் சுடுகாடாக்கிய கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் ஆட்சிகூட அதைக் கொடியிலிருந்து எடுக்கவில்லை. அந்த நான்கு ஆண்டுகளில் சுமார் 17 லட்சம் பேரைப் பறிகொடுத்த மக்கள் நெஞ்சோடு வைத்திருப்பதை, விருந்தாளியாகப் போய்ப் பிடுங்கலாமா? எனக்கு அன்று பெரும் வெட்கமாக இருந்தது.

அடுத்தது உங்கள் ‘ஒரு நாள்’. அங்கோர் என்பது ஒரு கோயில் அன்று. மலையில் தொடங்கி ஏரியில் முடிகிற ஒரு நீர்ப்பாதை. அதைப் பார்க்காமல் திரும்பினால் கோயிலையும் பாதிதான் பார்த்தவராவீர்கள்.

அங்கோரை ஒட்டிய சியெம் ரீப் நகருக்கு வடக்கே குலேன் மலை. 802-இல் கெமர் அரசன் இரண்டாம் ஜெயவர்மன் முடிசூடிக்கொண்ட இடம். அங்கோரின் மணற்கல்லை வெட்டியது அந்த மலையடியில். ஆறு இறங்குவதும் அங்கிருந்துதான். அந்த மலைப்பகுதியில் கபால் ஸ்பியன் என்ற இடத்துக்குக் காட்டுப் பாதையில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் ஏற வேண்டும். முழங்கால் ஒத்துழைத்தால் தவறவிடாதீர்கள். ஆற்றுப் படுகையின் பாறையிலேயே வரிசை வரிசையாக லிங்கங்கள், நடுவே அரவணையில் பள்ளிகொண்ட பெருமாள். தெளிந்த நீர் அவற்றின்மேல் வழிந்து சமவெளிக்கு இறங்குகிறது. கோடையில் போனால் வெறும் பாறைதான். நவம்பரில் நீர் ஓடும்.

அங்கோர் அரசர்கள் தேக்கிய மேற்கு பராய் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளம், 2 கிலோமீட்டர் அகலம். பெரும்பாலும் மண்ணை மேலே குவித்துக் கரை கட்டிய ஏரி. கண்மாய்க் கரையில் நடந்து பழகிய விருதுநகர்க்காரருக்கு அந்த உழைப்பை நான் விளக்க வேண்டியதில்லை. அங்கோர்வாட்டைச் சுற்றிய 190 மீட்டர் அகல அகழியும் அழகுக்கு மட்டும் வெட்டியது என்று எண்ணாதீர்கள். கோயில் மணல்மேல் நிற்கிறது. அடிமண்ணின் ஈரம் வற்றினால் கல் இறங்கும்.

தெற்கே தோன்லே சாப் ஏரி. மழைக்காலத்தில் மேகாங் ஆறு பெருகி, ஏரியிலிருந்து வெளியேறும் ஆற்றை எதிர்த்திசையில் தள்ளுகிறது. ஆறு பின்னோக்கி ஓடி ஏரிக்குள் நீரை நிரப்ப, கோடையில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டராகச் சுருங்கிக் கிடந்த ஏரி ஐந்து மடங்குக்கும் மேல் விரிந்து காட்டுக்குள் புகுகிறது. மரங்களுக்கிடையே மீன்கள் மேய்கின்றன. கம்போங் ஃப்ளுக் கிராமத்தில் வீடுகள் எல்லாம் உயரமான கால்கள் மேல் நிற்கும். படகு மரக்கிளைகளை உரசிக்கொண்டு போகும். நீர் திரும்பி வடியத் தொடங்குவதைக் கொண்டாடும் திருவிழாவும் பெரும்பாலும் நவம்பர் பௌர்ணமியை ஒட்டித்தான் வருகிறது.

இந்த ஏரியைப் பார்த்த பிறகு கோயில் சுவர்களுக்குப் போங்கள். விடியற்காலையில் எல்லோரும் மேற்குப் பக்கக் குளக்கரையில் சூரியோதயப் படத்துக்கு முண்டியடிப்பார்கள். நீங்கள் கிழக்கு மண்டபத்துக்குப் போய்விடுங்கள். அங்கே சுமார் 49 மீட்டர் நீளத்தில் பாற்கடலைக் கடைகிறார்கள்: 92 அசுரர்கள், 88 தேவர்கள், வாசுகியின் வால் நுனியில் ஒரு வானரம். எல்லோரும் அண்ணாந்து முகங்களைப் பார்க்கிறார்கள். நீங்கள் குனிந்து அடிப்பகுதியைப் பாருங்கள். ஓரத்தில் மீன்களும் முதலைகளும் முழுதாக நீந்துகின்றன. மத்தை நெருங்க நெருங்கச் சுழலில் சிக்கி, உடல் துண்டுபட்டுச் சிதறுகின்றன. மீனை அன்றாடம் கையில் பிடித்தவன் வேலை அது. கோயிலின் முகம் மேற்கு பார்த்தது. முகப்பின் அழகுக்கு மாலை வெயில்தான் ஏற்றது.

பாயோன் கோயிலுக்கு அரை நாள் வையுங்கள். வெளிச்சுற்றுச் சுவரில் சந்தை, சேவல் சண்டை, அண்டை நாடான சம்பாவின் சாம் படையோடு நீர்ப்போர் என ஊரே இருக்கிறது. மர வேர்கள் கவ்விய தா புரோம் கோயில், நீங்கள் படங்களில் பார்த்ததுதான்; கூட்டம் அதிகம், ஒரு மணி நேரம் போதும்.

ஒரு நாள் டிக்கெட் 37 டாலர், மூன்று நாள் டிக்கெட் 62 டாலர். கணக்கு உங்களுக்கே தெரியும். வியட்நாமுக்குத் தனியாக இன்னொரு முறை போகலாம்.

கடைசி நாள் காலையில், திறந்தவுடன் பந்தியாய் ஸ்ரீக்குப் போய்விடுங்கள். 967-இல் குடமுழுக்கு கண்ட சிறிய சிவன் கோயில். கட்டியவன் அரசன் அல்லன், அரசகுரு யக்ஞவராகன். இளஞ்சிவப்புக் கல்லில் மரச்செதுக்கல் போன்ற நுணுக்கம். கோபுர வாசலின் முகப்பில் பல கரங்களோடு சிவன் ஆடுகிறார். அவர் காலருகே எலும்பும் தோலுமாய், மார்பு வற்றி ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். கெமர் சிற்பியின் உளி அவரை அங்கே உட்கார வைத்திருக்கிறது. வாசலுக்குள் நுழையும் அவசரத்தில் இருப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நீங்கள் நின்று பாருங்கள். உங்கள் மனைவிக்கும் காட்டுங்கள்.