மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் மருத்துவர்களுக்கும் ஏன் ஒத்துப்போவதில்லை?

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் நிர்வாகப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நான் பார்த்தவரை இது குணக்கோளாறு இல்லை. இருவரும் நிற்கும் இடம் வேறு. டாக்டருக்கு எதிரே படுத்திருக்கும் நோயாளிதான் உலகம். நிர்வாகிக்கு எல்லாக் கட்டில்களும், மாதச் சம்பளமும், இன்னும் வந்து சேராத காப்பீட்டுத் தொகையும்.

ஒருமுறை செலவைக் குறைக்க, அறுவை சிகிச்சை டாக்டரைக் கேட்காமலே தையல் நூலின் பிராண்டை மாற்றிவிட்டோம். அவர் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து நேராக என் மேசைக்கு வந்து ஒரு துண்டு நூலைக் கொடுத்தார். "நீங்களே ஒரு முடிச்சுப் போடுங்க சார்." போட்டேன். வழுக்கிக்கொண்டு அவிழ்ந்தது. அப்புறம் அவர் தொட்டுப் பார்க்காத எதையும் நாங்கள் வாங்குவதில்லை.

மறுபக்கமும் உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை சிகிச்சைக்கு முன்அனுமதி வாங்க வேண்டும். டாக்டரின் குறிப்பில் ஒரு விவரம் விட்டுப்போனால் கேள்வி திரும்பி வரும், நோயாளி காத்துக் கிடப்பார். நோயாளி வீடு திரும்பும்போது டாக்டர் கையெழுத்திட்டுத் தரும் டிஸ்சார்ஜ் சம்மரியும் அப்படித்தான். "ஃபைல் பெண்டிங்" என்றால் டாக்டர் காதில் ஏறாது. "ஏற்காட்டுப் பாட்டிக்குக் கடைசி பஸ் போயிடும் டாக்டர்" என்று சொல்லிப் பாருங்கள், நின்றபடியே கையெழுத்துப் போடுவார்.

பல டாக்டர்கள் நாலு இடத்துக்குப் போய்வரும் விசிட்டிங் கன்சல்டன்ட்கள். சுற்றறிக்கை அவர்களிடம் எடுபடாது. வாரம் ஒருநாள் அவர்களோடு ரவுண்ட்ஸ் போகிறேன். பாதிச் சிக்கல் வார்டு வாசலிலேயே தீர்ந்துவிடுகிறது.