18 பெரிதா, 17 பெரிதா?

கேள்வி: அமெரிக்கக் கூடைப்பந்தில் நான் லேக்கர்ஸ் அணியின் ரசிகன், அண்ணன் பொஸ்டன் செல்டிக்ஸ் ரசிகர். “2024ஓடு எங்களுக்கு 18 கிண்ணம், உங்களுக்கு 17தான். அதிலும் 5 மினியாபொலிஸில் இருந்தபோது எடுத்தது, லொஸ் ஏஞ்சலிஸ் கணக்கில் சேராது” என்று நிம்மதியாகச் சாப்பிடவும் விடுகிறாரில்லை. என்ன பதில் சொல்ல?
– உவர்மலை வாசகர்

பதில்: தம்பி, அந்த 5ஐ விட்டுக்கொடுக்காதீர்கள். உவர்மலையிலிருந்து நிலாவெளிக்கு வீடு மாறினால் பிறந்த தேதியும் மாறுமா? ஆனால் இறுதிப் போட்டியில் இரண்டு அணியும் 12 முறை மோதிய கதையை மட்டும் நீங்களாக எடுக்க வேண்டாம். 9 முறை வென்றது அண்ணனுடைய ஆட்கள்.

2010இல் இந்த இரண்டு அணியும் மோதிய இறுதித் தொடரை எடுங்கள். ஏழாவது ஆட்டத்தில் லேக்கர்ஸ் நட்சத்திரம் கோபி பிரயன்ட் 24 தடவை எறிந்து 6தான் விழுந்தது. இதைப் பார்த்தால் லேக்கர்ஸ் தோற்றிருக்க வேண்டும். 83-79 என்று வென்றது. கூடையில் பட்டுத் திரும்பிய பந்துகளில் 15ஐப் பிடித்தது அதே கோபிதான்.

நான் பாடசாலைப் போட்டிகளில் பல வருடம் மேசையில் இருந்து புள்ளி எழுதினவன். எங்கள் தாளில் புள்ளிக்கும் ஃபவுலுக்கும்தான் இடம். ஒருநாள் ஒல்லிப் பெடியன் ஒருவன் கூடைக்குக் கீழே நின்று வந்த பந்தையெல்லாம் தட்டிவிட்டான். எதிரணிக்காரர் கிட்டப் போகவே பயந்தார்கள். முடிந்தபின் என் தாளில் அவன் பெயருக்கு நேரே இருந்தது 2 புள்ளி, 4 ஃபவுல். கையெழுத்துப் போடவே எனக்கு வெட்கமாக இருந்தது.

அண்ணன் கும்பிடுகிற செல்டிக்ஸ் வீரர் பில் ரஸலுக்கும் இதே கதைதான். 13 பருவத்தில் 11 கிண்ணம். பந்தைத் தடுப்பதில் மன்னன். ஆனால் தடுத்த பந்துகளை என்.பி.ஏ. (இந்த அணிகள் ஆடும் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) எண்ணத் தொடங்கியது 1973-74 பருவத்தில். ரஸல் 1969இலேயே விளையாட்டை விட்டுவிட்டார். அவர் தடுத்ததில் ஒன்றுகூட அதிகாரபூர்வக் கணக்கில் இல்லை. எண்தான் எல்லாம் என்கிற அண்ணனிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். சோறு பரிமாறுவதற்கு முன் கேட்காதீர்கள்.

கேள்வி: ஒரே ஆட்டத்தில் ஒருவர் 100 புள்ளி எடுத்தது உண்மையா?
– மூதூர் வாசகி

பதில்: உண்மை. வில்ட் சேம்பர்லைன், 1962 மார்ச் 2. தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி தரும் கோடு வராத காலம். 100 என்று கையால் எழுதிய தாளைப் பிடித்தபடி அவர் நிற்கும் படம் பிரபலம். அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 எடுத்தார். சரி, அந்த வருடம் மிகச் சிறந்த வீரர் விருது யாருக்கு? ரஸலுக்கு. வாக்குப் போட்டவர்கள் அவர்களோடு விளையாடிய வீரர்கள்.