சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருக்கிறேன், படம் வரையத் தெரியாது. பெங்களூரில் யூஎக்ஸ் டிசைன் (ஆப், இணையதளங்களைப் பயன்படுத்துபவருக்கு எளிதாக வடிவமைப்பது) அடிப்படையை எங்கிருந்து தொடங்குவது? ஃபிக்மா கோர்ஸில் சேரலாமா?

ஃபிக்மாவைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அது ஸ்கிரீன்களை வரைய உதவும் ஒரு கருவி, இலவசக் கணக்கிலேயே பழகிவிடலாம். கோரமங்களாவில் கோர்ஸ் என்று பணம் கட்ட அவசரம் வேண்டாம். பென்சிலில் கட்டம் போடத் தெரிந்தால் போதும்.

முதலில் பழக வேண்டியது, ஆட்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பது. அல்சூர் மார்க்கெட்டில் பூ விற்கும் அக்கா ஒருவர் போனில் கரண்ட் பில் கட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஓடிபி கேட்டது. மெசேஜைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், ஆப் முதல் பக்கத்துக்கே போயிருந்தது. மறுபடி எல்லாம் அடித்து, இந்த முறை எண்ணை முணுமுணுத்துக்கொண்டே வந்து போட்டார். ஆனால் கீபோர்டு மேலே வந்து பட்டனை மறைத்துவிட்டது. "தம்பி, இது வேலை செய்யல, நீயே பாரு" என்று போனை நீட்டிவிட்டார்.

உங்கள் டெஸ்ட் கேஸில் இது பாஸ் ஆகியிருக்கும். ஓடிபி வந்தது, பட்டனும் இருக்கிறது. யூஎக்ஸ் கணக்கில் ஃபெயில்.

இப்படி இரண்டு மூன்று பேரைப் பார்த்த பிறகு, யூஎக்ஸ் நிபுணர் யாகோப் நீல்சனின் 10 விதிகளைப் படியுங்கள். 1994இல் வந்தவை, இணையத்தில் இலவசம். 'பயனரை நினைவில் வைக்கச் சொல்லாதே, கண்ணெதிரே காட்டு' என்ற விதி வரும்போது அந்த அக்கா முணுமுணுத்தது ஏனென்று புரியும். டிசைன் பற்றி எழுதிய டான் நார்மனையும் படிக்கலாம். தள்ளுவதா இழுப்பதா என்று நம்மைத் திணறவைக்கும் கதவுகளைப் பற்றி அவர் எழுதியதால், அப்படிப்பட்ட கதவுக்கு 'நார்மன் கதவு' என்றே பெயர் விழுந்துவிட்டது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வேறுபாடு) போன்ற அளவுகளெல்லாம் வேலை செய்யும்போது தானாக மனதில் பதியும்.

அப்புறம் நீங்களே ஒரு ஸ்கிரீனைக் காகிதத்தில் வரைந்து ஐந்து பேரிடம் கொடுங்கள். பெரிய குறைகள் வெளிவர அவ்வளவு பேர் போதும் என்பதும் நீல்சன் சொன்னதுதான். "நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள், மரியாதைக்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். "பில்லைக் கட்டுங்க, மனசுல நினைக்கிறதை வாய்விட்டுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அதுதான் கஷ்டம், கை தானாக நீண்டு பட்டனைக் காட்டப் போகும்.

போர்ட்ஃபோலியோவில் அழகான ஸ்கிரீன்களை அடுக்குவதைவிட, அந்த ஐந்து பேரும் தடுமாறிய இடத்தையும் அதனால் நீங்கள் மாற்றியதையும் வைத்தால் இன்டர்வியூவில் பேச விஷயம் இருக்கும்.