மேடையும் உடையும் அமைக்கும் மகளுக்கு எந்தப் படிப்பு?

தருமபுரியிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ, உயிரியல் பிரிவு. ஊரில் ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், சில கல்லூரிப் பிள்ளைகள் சேர்ந்து வள்ளி கதையை இசை நாடகமாகப் போட்டிருக்கிறார்கள். யாரும் தொழில்முறைக் கலைஞர்கள் இல்லை. மேடை அமைப்பும் உடையும் இந்தப் பெண்ணின் பொறுப்பு. நாடகம் நன்றாகப் போனது, காலாண்டுத் தேர்வில் இயற்பியல் இறங்கியது. இப்போது நர்சிங் வேண்டாம், இதைத்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். "இதெல்லாம் சினிமாக்காரங்க வேலை, சோத்துக்கு வழி உண்டா" என்று அப்பா கோபத்தில் இருக்கிறாராம். இந்தத் துறையில் பெண்ணுக்குப் பாதுகாப்பு உண்டா என்றும் அம்மா கேட்டிருக்கிறார். மேடையின் படங்களையும் மகளுடைய நோட்டின் சில பக்கங்களையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்.

அம்மா, நாடகப் படங்களைவிட அந்த நோட்டுதான் எனக்கு அதிகம் சொன்னது.

இடது பக்கம் பாத்திரங்களின் பெயர், மேலே காட்சி எண்கள், கட்டங்களுக்குள் உடை, நிறம், துணி, அது யார் வீட்டிலிருந்து வர வேண்டும் என்ற குறிப்பு. நாடகக் குழுக்களில் உடை அமைப்பவர்கள் வழக்கமாகப் போடுவது இப்படி ஓர் அட்டவணையைத்தான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் உங்கள் மகள் அதற்கு வந்து சேர்ந்திருக்கிறாள். வள்ளி கதை இந்த வேலைக்குச் சுலபமான கதை இல்லை. முருகன் வேடனாக வர வேண்டும், வேங்கை மரமாக நிற்க வேண்டும், கிழவனாகித் தள்ளாட வேண்டும், கடைசியில் முருகனாகவே தெரிய வேண்டும். நடிப்பவர் ஒரே ஆள். உடை மாற்றக் கிடைப்பது ஒரு பாட்டின் நேரம். கிழவனின் கம்பளிக்கும் வேட்டிக்கும் உள்ளே முருகனின் பட்டு உடையை அப்படியே விட்டிருக்கிறாள். மேல் வேட்டிக்கு முடிச்சு கிடையாது, முதுகுப் பக்கம் வெல்க்ரோ. ஒரே இழுப்பில் கிழவன் போய் முருகன் நிற்கிறார். அதற்குக் கீழே பென்சிலில்: "உட்காரும்போது கம்பளி காலைத் தடுக்குது, நாலு விரல் மடிச்சுத் தைக்கணும்." பிறகு அதை அடித்துவிட்டு ஒரு டிக்.

இன்னொரு குறிப்பைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். வள்ளியாக நடித்தவருக்கு ரவிக்கை அளவு சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் மேல்ஸ்தாயியில் பாடும்போது பிடிக்கிறது என்றிருக்கிறார். இரண்டு பக்கத் தையலையும் பிரித்து விட்டிருக்கிறாள். கொண்டை அலங்காரம் காதை மூடியதால் ஆர்மோனியம் கேட்கவில்லை என்று அதையும் மேலே தூக்கிக் கட்டியிருக்கிறாள். வசனம் மட்டும் பேசுகிற நாடகத்தில் உடை அழகாக இருந்தால் ஏறக்குறைய போதும். பாடுகிறவருக்கோ விலா விரிய இடம் வேண்டும், கழுத்து இறுகக் கூடாது, தன் குரலும் பக்கவாத்தியமும் காதில் விழ வேண்டும். படிப்பில் இதைச் சொல்லித்தருவார்கள்தான். ஆனால் பாடுகிறவர் முகம் சுளிப்பதைக் கவனிக்கிற கண்ணை எந்தக் கல்லூரியும் கொடுத்துவிட முடியாது.

தினைப்புனத்துப் பரணை அவள் முதலில் உயரமாகப் போட்டு, வள்ளி மேலே நின்று பாடப் பயந்ததும் இறக்கி, மூங்கில் கைப்பிடி வைத்து இலையால் மறைத்திருக்கிறாள். அட்டையில் மேடையின் சிறு மாதிரி செய்து, அடிக்கு அரை அங்குலம் என்று கணக்கும் எழுதியிருக்கிறாள். 30 அடி மேடை 15 அங்குல அட்டையாகிவிடும். தொழிலில் இருப்பவர்கள் மாதிரி செய்யும் அளவுகளில் இதுவும் ஒன்று. சிவப்பு விளக்கு விழுந்தால் பச்சைப் பாவாடை கறுத்துப்போகும் என்பதை ஒத்திகையில் பார்த்துவிட்டு நிறத்தை மாற்றியிருக்கிறாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வேங்கை மரத்துக்குத் தெர்மாகோல் பயன்படுத்தியிருப்பது படத்தில் தெரிகிறது, பக்கத்திலேயே விளக்கும் இருக்கிறது. அது சட்டென்று பற்றிக்கொள்ளும். அடுத்த முறை ரீப்பர் மரச் சட்டத்தில் காடாத் துணி இழுத்துக் கட்டி வண்ணம் அடிக்கட்டும், விளக்கைத் தள்ளி வைக்கட்டும்.

ஆகவே ஆசை வீண் ஆசை இல்லை. அதற்காக, நாளைக்கே "காஸ்ட்யூம் டிசைன்" என்று பலகை வைத்திருக்கும் ஏதாவது ஒரு கல்லூரியில் பணம் கட்டிவிடாதீர்கள். வீட்டில் எல்லோரும் இதை ஒரே வேலையாகப் பார்க்கிறீர்கள். உண்மையில் இதில் இரண்டு மூன்று வேலைகள் கலந்திருக்கின்றன. துணியோடு மல்லுக்கட்டுவது ஒன்று. இடத்தை, உயரத்தை, மரச்சட்டத்தை யோசிப்பது இன்னொன்று. ஆட்களையும் நேரத்தையும் சாமானையும் சேர்த்து ஒரு இரவை நடத்திக்காட்டுவது வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் படிப்பு வேறு, செலவு வேறு, பிழைக்கும் வழியும் வேறு. இந்த நாடகத்தில் எந்த வேலை செய்யும்போது சாப்பாட்டை மறந்தாய் என்று அவளிடம் கேளுங்கள். எது பிடித்திருந்தது என்று கேட்டால் எல்லாம்தான் என்பாள். எதைச் செய்யும்போது சலித்தது என்றும் கேளுங்கள், அந்தப் பதில் இன்னும் உதவும்.

துணி என்று சொன்னால் நிஃப்ட், அதாவது ஆடை வடிவமைப்புக்கான மத்திய அரசு நிறுவனம். சென்னையிலும் பெங்களூருவிலும் இருக்கிறது. நான்கு ஆண்டு பி.டெஸ். என்கிற வடிவமைப்புப் பட்டப் படிப்புக்குப் பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்திருந்தாலும் எழுதலாம், உயிரியல் தடையில்லை. வரைதலும் கற்பனையும் ஒரு தாள், பொது அறிவும் ஆங்கிலமும் கணக்கும் இன்னொரு தாள். அதில் தேறினால், கொடுத்த பொருட்களை வைத்து ஒரு மாதிரி செய்துகாட்டும் தேர்வு. இந்தக் கடைசிப் படியில் உங்கள் மகள் பயப்பட ஒன்றுமில்லை. தமிழ் வழியில் படித்தவள் என்றால் ஆங்கிலத்துக்குத்தான் தனியாக உழைக்க வேண்டும். கட்டணம் அதிகம், நான்கு ஆண்டுக்குப் பல லட்சம் ஆகும். வருமானத்தைப் பொறுத்துக் கட்டண உதவி உண்டு, விண்ணப்பிக்கும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். இங்கே படித்தால் நாடகம் கைகொடுக்காத காலத்திலும் திருப்பூர், பெங்களூரு ஆடை நிறுவனங்களில் வேலைக்குப் போகலாம். அப்பாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

இடமும் அமைப்பும் என்றால், நான் முதலில் சொல்வது சென்னை எழும்பூர் பக்கம் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி. 1850இல் தொடங்கியது. கும்பகோணத்திலும் ஓர் அரசு கவின் கலைக் கல்லூரி உண்டு. நான்கு ஆண்டு பி.எஃப்.ஏ. என்கிற கவின் கலைப் பட்டம், அரசுக் கல்லூரிக் கட்டணம். தமிழ் சினிமாவின் பெரிய கலை இயக்குநர்களான தோட்டா தரணியும் சாபு சிரிலும் இந்தச் சென்னைக் கல்லூரியில் படித்து வந்தவர்கள்தான். ஓவியம், சிற்பம், துணி வடிவமைப்பு, காட்சித் தொடர்பு எதில் சேர்ந்தாலும் கை பழகும். அகமதாபாத்தில் என்ஐடி என்கிற தேசிய வடிவமைப்பு நிறுவனமும் இருக்கிறது. 1961இல் தொடங்கிய நிறுவனம், கண்காட்சி அரங்க வடிவமைப்பும் அங்கே ஒரு பாடம். போட்டி மிகக் கடுமை. எழுதிப் பார்க்கட்டும், அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

நாடகம் என்கிற முழு வேலையே பிடித்திருக்கிறது என்றால் அவசரப்படத் தேவையில்லை. ஏதாவது ஒரு பட்டம் முடித்துவிட்டுப் போகலாம். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறை இசை நாடகத்தின் பிதாமகர் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் தொடங்கப்பட்டது, அங்கே நாடகத்தில் முதுகலை உண்டு. தில்லி தேசிய நாடகப் பள்ளியில் மூன்று ஆண்டு, மேடை வடிவமைப்பும் அங்கே சிறப்புப் பாடம். பட்டமும் நாடகங்களில் வேலை செய்த அனுபவமும் கேட்பார்கள். கர்நாடகத்தில் ஹெக்கோடு கிராமத்தில் நீனாசம் என்ற நாடகப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, பயிற்சி கன்னடத்தில் நடக்கும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு என்பதால் இதைச் சொல்கிறேன்.

இனி வருமானம். மேடை நாடகத்துக்குச் செட்டும் உடையும் மட்டும் அமைத்து ஒரு குடும்பம் நடத்துவது தமிழ்நாட்டில் இன்றைக்கு மிகக் கடினம். நல்ல வார்த்தை சொல்லி உங்களை அனுப்பிவைக்க நான் விரும்பவில்லை. இந்தக் கைத்திறன் உள்ளவர்கள் சினிமாவிலும் சீரியலிலும் விளம்பரத்திலும் பிழைக்கிறார்கள், கண்காட்சி அரங்கம், கடை அலங்காரம், கல்யாண மேடை, பள்ளி ஆண்டு விழா என்றும் பரவியிருக்கிறார்கள். ஓசூரிலிருந்து பெங்களூரு வரை கல்யாண மேடை வேலைக்கு ஆள் தேடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். சினிமாவில் முதல் சில ஆண்டுகள் உதவியாளர் வேலைதான். சம்பளம் ஒழுங்காக வராது, நேரம் காலம் கிடையாது, சங்க அட்டை வாங்க வேண்டும். காஸ்ட்யூம் டிசைனர் வேறு, காஸ்ட்யூமர் வேறு என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். முதலாமவர் என்ன உடை என்று முடிவு செய்கிறார். இரண்டாமவர் அதைப் படப்பிடிப்பில் பராமரித்து, நேற்று எடுத்த காட்சியின் தொடர்ச்சி இன்று கெடாமல் பார்த்துக்கொள்கிறார். உங்கள் மகளின் நோட்டைப் பார்த்தால் இரண்டாவது வேலையும் அவளுக்கு நன்றாக வரும்.

பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார்களை விசாரிக்க உள் குழு இருக்க வேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது. கல்லூரியோ நிறுவனமோ, அந்தக் குழுவில் யார் யார் என்று சேரும் முன் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்துக்கு அனுப்பாதீர்கள்.

படிப்பு தொடங்கும் முன்பே கற்றுக்கொள்ள உங்கள் பக்கத்தில் இருப்பதை விட்டுவிடக் கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து நடக்கிறதே, அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் எது? இரண்டு பேர் பிடிக்கிற ஒரு திரைதான் அரங்கமே. அதன் பின்னால் நின்று பாடிவிட்டுத்தான் வேஷக்காரர் வெளியே வருகிறார். அர்ச்சுனன் தபசு அன்று ஒரு கம்பம் கைலாசமாகிறது. படுகளத்தன்று தரையில் மண்ணால் படுத்திருக்கும் துரியோதனன் ஊரையே மேடையாக்கிவிடுகிறான். கிரீடமும் புஜக்கட்டையும் மார்பதக்கமும் எடை குறைந்த மரத்தில் செய்து கண்ணாடியும் ஜிகினாவும் ஒட்டியவை. அவற்றைக் கட்டிக்கொண்டு விடிய விடியப் பாடி ஆடுகிறார்களே, கயிற்றை எங்கே போட்டு எப்படி முடிகிறார்கள் என்று ஒப்பனை நடக்கும் இடத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். கூத்து வாத்தியாரிடம் அனுமதி கேட்டு, நீங்களும் கூடவே போய் உட்காருங்கள். பரீட்சை முடிந்ததும் பெங்களூரு ஜே.பி. நகரில் ரங்க சங்கரா என்ற நாடக அரங்கத்தில் ஒரு நாடகம் பார்த்துவிட்டு வாருங்கள், அப்பாவையும் அழைத்துப்போங்கள். விடுமுறையில், ஆண்டு விழாவுக்கு உடை வாடகைக்கு விடும் கடை எதிலாவது சில வாரம் வேலை பார்த்தால் இன்னும் நல்லது. கிழிந்ததைத் தைத்து, அளவுக்கு மாற்றி, திரும்பி வந்ததைத் துவைத்து அடுக்கிய பிறகும் ஆசை இருந்தால் அது உறுதியான ஆசை.

இந்த ஆண்டு அவள் செய்ய வேண்டியது இயற்பியலை மீட்பது. அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பொதுத்தேர்வு முடியும்வரை புது நாடகம் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வரையட்டும். நர்சிங்குக்கும் விண்ணப்பம் போடுங்கள். அது அவளைத் தோற்கடிப்பதற்காக இல்லை, இரண்டு கதவும் ஜூன் வரை திறந்திருக்கட்டும் என்பதற்காக. செய்த வேலைகளின் தொகுப்பு ஒன்றையும் தயார் செய்யட்டும். மேடையில் எடுத்த அழகான படங்கள் மட்டும் போதாது. தப்பாகப் போன வரைபடம், துணித் துண்டு, செலவுக் கணக்கு, அட்டை மாதிரி எல்லாம் தேதியோடு இருக்க வேண்டும். நேர்காணலில் அமர்பவர்கள் அவள் எப்படி யோசித்தாள் என்பதைத்தான் தேடுவார்கள்.

நிஃப்ட், என்ஐடி நுழைவுத் தேர்வுகள் பெரும்பாலும் பொதுத்தேர்வுக்கு முன்பே நடந்துவிடும் என்பதால் விண்ணப்ப அறிவிப்பை இப்போதிருந்தே அவர்களின் இணையதளத்தில் பார்த்துவாருங்கள். சான்றிதழ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நீங்கள் பிற்படுத்தப்பட்ட அல்லது மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்றால், நம் மாநிலச் சாதிச் சான்று மட்டும் மத்திய நிறுவனங்களுக்குப் போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்று தனியாக வாங்க வேண்டும். அதற்கும் வருமானச் சான்றுக்கும் இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், கல்லூரியில் சேர்ந்த பிறகு புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும். அதற்கு வங்கிக் கணக்கு அவள் பெயரில் ஆதாருடன் இணைந்திருக்கிறதா என்பதையும் சரிபார்த்துவிடுங்கள்.