சோழவரம் ஓடுபாதையில் ஒரு பந்தயக் காலம்

கேள்வி: 2024-இல் தீவுத்திடலைச் சுற்றி இரவில் நடந்த கார் பந்தயத்தைச் சென்னையின் முதல் பந்தயம் என்று சிலர் சொல்லக் கேட்டேன். சோழவரத்தில் பல்லாண்டுகளுக்கு முன்பே பந்தயங்கள் நடந்தன என்கிறார் என் தந்தையார். அங்கே ஓடியவை தெருவில் ஓடும் வண்டிகள்தாமா? அந்தத் தடம் ஏன் கைவிடப்பட்டது?
– வாசகர், பெரம்பூர்

பதில்: உங்கள் தந்தையார் சொல்வதே சரி. நகரச் சாலைகளில், இரவு விளக்கொளியில் நடந்தது என்ற அளவில்தான் தீவுத்திடல் பந்தயம் புதுமையானது. செங்குன்றத்துக்கு அப்பால், கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய சோழவரத்தில், இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களுக்காக அமைக்கப்பட்ட ஓடுபாதை ஒன்று இருந்தது. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுபாதையையே பந்தயத் தடமாக்கிக்கொண்டது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வெயில் கடுமையாவதற்கு முந்தைய மாதங்களில் நடந்த அந்தப் பந்தயங்களைக் காண, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வீரர்களும் ரசிகர்களும் திரண்டு வந்தார்கள்.

அங்கே ஓடியவை தெருவில் ஓடும் வண்டிகள்தாமா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஆம் என்றே விடை கூற வேண்டும். வெளிநாட்டு வண்டிகளை இறக்குமதி செய்வது மிகக் கடினமாக இருந்த காலம் அது. ஆகவே ஃபியட் 1100, அம்பாசடர், வண்டலூர் ஆலையில் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று அன்றாடம் சாலையில் கண்ட கார்களே பந்தயத்துக்கும் வந்தன. இருசக்கர வண்டிப் பிரிவிலோ ஜாவாவும், திருவொற்றியூரில் தயாரான புல்லட்டும், பின்னாளில் ராஜ்தூத் யமஹாவும் சீறின. வெளித்தோற்றத்தில் அதே வண்டி என்றாலும் உள்ளே மெக்கானிக்கின் கைவண்ணம் இருக்கும். சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து சற்றே பெரிதாக்குவார்கள். அழுத்தம் கூடுவதற்காக, சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவுவார்கள். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைப் பெரிதாகப் பொருத்தி, எடையைக் குறைக்கப் பின்னிருக்கைகளைக் கழற்றிவிடுவார்கள். ஃபியட்டின் 1089 சிசி எஞ்சினிலிருந்து இன்னும் கொஞ்சம் வேகத்தைக் கறந்துவிட வேண்டும் என்பதற்காகவே இத்தனை பாடும். ஓடுபாதை நேராகவும் சமதளமாகவும் இருந்ததால் அங்கே எஞ்சினின் வலிமை முழுமையாக வெளிப்பட்டது. நேர்ப்பாதை முடிந்து கூர்மையான திருப்பம் வரும்போதோ பிரேக்குக்கும் ஓட்டுநரின் நிதானத்துக்கும்தான் சோதனை. அமெரிக்காவில் சாலைக் கார்களின் சாயலில் அமைந்த ‘ஸ்டாக் கார்’கள் ஓடும் தடங்களில் இருப்பதைப் போன்ற, உட்புறம் சரிந்த வளைவுகள் இங்கே கிடையா.

பந்தயத்துக்கென்றே வடிவமைத்த வண்டிகளும் இடையிடையே வந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா, ஃபார்முலா ஒன் பந்தயங்களில் ஓடிய என்சைன் காரை இங்கே ஓட்டினார். கோவையைச் சேர்ந்த கரிவரதன், உள்நாட்டிலேயே பந்தயக் கார்களை உருவாக்கி, இளைஞர் பலருக்கு வழிதிறந்தார். என்றாலும் கையில் கிடைத்த சாதாரண வண்டியை வைத்தே போட்டியிட்ட மெக்கானிக்குகளும் ஓட்டுநர்களும்தான் சோழவரத்தின் உண்மையான பெருமை என்பது என் உறுதியான கருத்து. அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் எந்த நூலிலும் பதிவாகவில்லை. உங்கள் தந்தையாரின் நினைவில் இருக்கும் பெயர்களையும் ஆண்டுகளையும் இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.

ரசிகர் கூட்டம் குறைந்துபோனதால்தான் தடம் மூடப்பட்டது என்று எண்ண வேண்டாம். விமானங்களுக்காக அரசு அமைத்த ஓடுபாதையாகிய அது கிளப்பின் சொந்த நிலமன்று. நிலையான பார்வையாளர் மாடங்களோ, பழுதுபார்க்கும் கூடங்களோ, வளர்ந்துவரும் வேகத்துக்கு ஏற்ற பாதுகாப்பு ஏற்பாடுகளோ அங்கே அமைவது எளிதாக இல்லை. எனவே கிளப் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கி, ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர் நீளத்தில் நிலையான தடம் ஒன்றை அமைத்தது. 1990-இல் அங்கே பந்தயங்கள் தொடங்கின. 2005-இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் வீரரான நரேன் கார்த்திகேயன், இளம் வயதில் தம் பந்தய வாழ்க்கையைத் தொடங்கியது அந்தத் தடத்தில்தான்.